செல்போன் கடைக்காரர் பதில்கள்: மறுபடியும் லைலா

கேள்வி: அண்ணனுக்கு வணக்கம். பர்மாவின் மோல்மீனிலிருந்து எழுதுகிறேன், வயது 25. ஒரு காலத்தில் மொபைல் லெஜன்ட்ஸ் (எம்.எல்.) என்ற போன் விளையாட்டுப் பைத்தியமாக இருந்தேன். எங்கள் தெருப் பையன்கள் ஐந்து பேர் ஒரே அணி. எபிக் என்ற தரம் வரை ஏறினோம். பிறகு ஒவ்வொருவராக ஊரை விட்டுப் போய்விட்டார்கள். முன்பின் தெரியாதவர்களோடு ஆடித் தோற்று, திட்டும் வாங்கி, அலுத்துப்போய் விளையாட்டையே போனிலிருந்து நீக்கிவிட்டேன். இப்போது கோலாலம்பூரில் வேலை செய்யும் சித்தப்பா மகன் தினமும் கூப்பிடுகிறான். அவன் அதைவிட மேலான மித்திக் தரத்தில் இருக்கிறான். திரும்பிப் போகலாமா? பழைய கணக்கா, புதியதா? மானம் போகுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: போகும் தம்பி. முதல் வாரம் கட்டாயம் போகும்.

நானும் விட்டுவிட்டுத் திரும்பியவன்தான். 2021 ஜனவரியில் சிங்கப்பூரில் எம்2 என்ற எம்.எல். உலகப் போட்டி நடந்ததே, நினைவிருக்கிறதா? இறுதி ஆட்டத்தில் நம் பர்மீஸ் கூல்ஸ் அணியும் பிலிப்பைன்ஸின் பிரென் அணியும் மோதின. கடைக்கு எதிரே டீக்கடையில் ஒரு போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து இருபது பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தோம். ஏழாவது ஆட்டம் வரை இழுத்துப்போய் 4-3 என்று தோற்றோம். டீக்கடைக்காரர் அன்று காசு வாங்கவே மறந்துபோனார். அடுத்த வாரம் ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஊரே வேறு ஊராகிவிட்டது. அதன்பிறகு எனக்கு எம்.எல். பக்கம் போக மனம் வரவில்லை.

மூன்று வருடம் கழித்து ஒருநாள், திரை மாற்றிய போனில் தொடுதல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க என் கணக்கில் நுழைந்தேன். எதற்கு வம்பென்று, புதிதாக வருகிற எல்லோரும் முதலில் தொடும் லைலா என்ற வீராங்கனையையே எடுத்தேன். பன்னிரண்டு நிமிடத்தில் ஒன்பது முறை செத்தேன். கூட ஆடிய பொடியன் ஒருவன் பர்மிய மொழியில், "தாத்தா, போய்த் தூங்குங்கள்" என்று எழுதினான். எனக்கு அப்போது 41 வயது. அடுத்த நாளும் ஆடினேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். பழைய கணக்கையே எடு. நீ சேர்த்த வீரர்களும் உடைகளும் அதில் அப்படியே இருக்கும். புதியதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சேர்க்க வேண்டும். ஆனால் முன்பு கூகுள், ஃபேஸ்புக், விளையாட்டை உருவாக்கிய மூன்டன் நிறுவனத்தின் கணக்கு என்று எதனோடாவது இணைத்திருந்தால்தான் அது கைக்கு வரும். எதனோடும் இணைக்காமல் ஆடிவிட்டுப் போனையும் மாற்றியிருந்தால் என்னிடம் கொண்டுவந்தும் பயனில்லை. வாரத்துக்கு இரண்டு பேராவது அழாத குறையாக வந்து நிற்கிறார்கள். ஃபேஸ்புக்கோடு மட்டும் இணைத்திருந்தாய் என்றால் அதை முடக்கி வைத்திருக்கிற நம் ஊரில் நுழைவதே ஒரு போராட்டம். நுழைந்த கையோடு இன்னொன்றோடும் சேர்த்து இணைத்துவிடு.

அந்த எபிக் பதக்கத்தை மறந்துவிடு. ஒரு பருவம் என்பது ஏறக்குறைய மூன்று மாதம். பருவம் மாறும்போது பதக்கம் கீழே இறங்கும். நீ இல்லாத நாளில் எத்தனை பருவம் போயிருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். இதில் உனக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. தரம் மிகவும் விலகியிருக்கும் இருவரை ரேங்க் ஆட்டத்தில் ஒன்றாகச் சேரவிடமாட்டார்கள். ஆகவே மித்திக் அண்ணாச்சி உன்னோடு ஆட வேண்டுமென்றால் தரக் கணக்கில் சேராத கிளாசிக் ஆட்டத்துக்கு இறங்கி வந்தே தீர வேண்டும். கிளாசிக்கில் தோற்றால் தரத்தைக் காட்டும் நட்சத்திரம் போகாது. ஒரு மாதமாவது அங்கேயே கிட. வீரர்கள் நூற்றைத் தாண்டிவிட்டார்கள், வீரர்களுக்கு வலுவூட்டும் எம்பிளம் முறையை 2023-இல் மாற்றிவிட்டார்கள். எல்லாவற்றையும் படிக்கப் போகாதே, பழகிய மூன்று வீரர்களை மட்டும் வைத்துக்கொள். யார் எந்தப் பாதையில் போவது என்பதுதான் முன்பைவிடக் கறாராகிவிட்டது. கோல்டு லேன் யாருக்கு, காடு யாருக்கு என்று சித்தப்பா மகனிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டு இறங்கு.

கரண்டு விஷயம் உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வைஃபையில் ஆடி, நடுவில் மின்சாரம் போய், ரூட்டர் அணைந்தால் நீ ஓடிப்போனவன் என்றே விளையாட்டு எடுத்துக்கொள்ளும். ஒழுங்காக ஆடுகிறாயா என்று அளக்கும் கிரெடிட் மதிப்பெண் குறையும். மிகவும் குறைந்தால் ரேங்க் ஆடவே விடாது. நான் அப்படி ஒரு மாதம் ஒதுங்கி நின்றிருக்கிறேன். மின்சாரம் போகிற நேரம் பார்த்து சிம் டேட்டாவுக்கு மாறிக்கொள்.

திரும்பி வருகிறவனுக்குப் பரிசு கொடுத்து வரவேற்பார்கள். கை தாராளமாக இருக்கும், அதற்குள் விளையாட்டுக்குள் செலவிடும் டைமண்டைக் காசு கொடுத்து வாங்கத் தோன்றும். என் கடையிலும் டைமண்ட் விற்கிறேன், இருந்தும் சொல்கிறேன்: முதல் மாதம் வாங்காதே. வாங்கும்போதும் ஐடி எண், சர்வர் எண் இரண்டும் போதும். கடவுச்சொல் கேட்கிறவன் திருடன்.

அப்புறம் அந்தச் சித்தப்பா மகன். கோலாலம்பூரில் பத்து மணி என்றால் நமக்கு எட்டரை. வேலை முடிந்து, குளித்து, அறையில் தனியாக உட்கார்ந்து உன்னைக் கூப்பிடுகிறான். உலகத்தில் மித்திக் ஆட்களுக்கா பஞ்சம்? ஒன்பது முறை சாகப்போகிற உன்னைத் தேடி எதற்கு வருகிறான் என்று நினைக்கிறாய்? இன்றிரவே போ.

கேள்வி: பெகுவிலிருந்து ஒரு தாய். பள்ளி இறுதித் தேர்வுக்காக எம்.எல்.லை நிறுத்தியிருந்த மகன், தேர்வு முடிந்ததும் மறுபடி தொடங்கிவிட்டான். சோறு போட்டு வைத்துவிட்டு எத்தனை முறை கூப்பிட்டாலும் "ஐந்து நிமிடம்" என்கிறான். பிடுங்கி வைத்துவிடலாமா?

பதில்: பிடுங்காதீர்கள் அக்கா. நடுவில் எழுந்தால் கூட ஆடும் நான்கு பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தோல்வி. அதனால்தான் எழ மாட்டேன் என்கிறான். ஓர் ஆட்டம் பத்திலிருந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். சோறு வடிக்கும்போதே, "இதுதான் கடைசி ஆட்டம்" என்று சொல்லிவிடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ரூட்டர் எந்த அறையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.