மருந்துக்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாள்: ரோஜாவின் கரும்புள்ளியும் மொட்டுக் கருகலும்

கேள்வி: ஐயா, ஓசூரில் வீட்டு முன்புறம் 18 ஒட்டு ரோஜாச் செடிகள் வைத்திருக்கிறேன். அக்டோபர் தொடக்கத்தில் கவாத்து செய்தேன். மழை தொடங்கியதிலிருந்து கீழ் இலைகளில் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகி உதிர்கிறது. மொட்டுகள் ஓரம் கருகி விரியாமலே நிற்கின்றன. மூன்று செடிகளில் வெட்டிய கிளைகள் மேலிருந்து கீழாகக் காய்ந்துகொண்டே வருகின்றன. மருந்துக் கடையில் சொன்னபடி நனையும் கந்தகத்தையும் வேப்பெண்ணெயையும் கலந்து அடித்தேன். நன்றாக இருந்த இலைகளும் பொசுங்கிவிட்டன. என்ன செய்வது?

பதில்: பொசுங்கியது நோயால் அல்ல அம்மா, அந்தக் கலவையால். கந்தகமும் எண்ணெயும் இலை மேல் சேரக் கூடாது. ஒன்றை அடித்து 15 நாளாவது கழிந்த பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். கருகிய இலைகளை அவசரப்பட்டுப் பறிக்க வேண்டாம். புதுத்தளிர் வந்ததும் தானாக உதிரும்.

உங்கள் செடிகளில் மூன்று வெவ்வேறு தொல்லைகள் இருக்கின்றன. ஒரே மருந்தில் மூன்றும் போகாது.

முதலில் கரும்புள்ளி. இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். புள்ளியின் விளிம்பு வட்டமாக வெட்டினாற்போல் இல்லாமல், மை ஊறிய தாள் மாதிரி பிசிறடித்து, சுற்றிலும் மஞ்சள் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இது ஒரு பூஞ்சணம். இலை சுமார் ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தாலே இதன் வித்துகள் முளைத்து உள்ளே இறங்கிவிடும். மழையை நாம் தடுக்க முடியாது. ஆனால் சாயங்காலம் ஹோஸ் பைப்பைப் பிடித்துச் செடியைத் தலையோடு குளிப்பாட்டுகிறோமே, அது நம் கையில்தான் இருக்கிறது. நீங்கள் எப்படித் தண்ணீர் விடுகிறீர்கள் என்று எழுதவில்லை. காலையில், வேரில் மட்டும் விடுங்கள். செடிக்கு நடுவே உள்நோக்கி வளர்ந்த குச்சிகளை எடுத்துவிட்டால் காற்று புகுந்து இலை சீக்கிரம் உலரும்.

உதிர்ந்த இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். நோய் அந்தச் சருகில்தான் உட்கார்ந்திருக்கும். மழைத்துளி தெறித்து மறுபடி மேலே ஏறும். உரக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். பிறகு பூஞ்சணக்கொல்லி மருந்துகளை, லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப், பத்து நாள் கழித்து 1 கிராம் கார்பன்டசிம் என்று மாற்றி மாற்றி அடிக்கலாம். பனி காய்ந்த பின் காலையில், இலையின் அடிப்புறமும் நனையும்படி அடியுங்கள். 18 செடிகளுக்கு மூன்று, நான்கு லிட்டர் கரைசல் தாராளம். முகத்துக்குத் துணி, கைக்கு உறை கட்டாயம்.

அடுத்தது மொட்டு. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு வெள்ளைத்தாளை மொட்டுக்குக் கீழே பிடித்து, மொட்டை நாலு தட்டு தட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், மெல்லிய கீற்றுப் போல மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஏதாவது ஓடினால் அது இலைப்பேன் என்னும் சின்னப் பூச்சி. எதுவும் விழாமல், மொட்டின் மேல் சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்திருந்தால் அது ஈரத்தில் வரும் பூஞ்சண அழுகல்; அதற்குப் பூச்சி மருந்து அடிப்பது வீண்.

எதுவானாலும் கெட்ட மொட்டுகளைக் கிள்ளி, பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். இலைப்பேன் இதழ் மடிப்புக்குள் ஒளிந்திருப்பதால் மருந்து எளிதில் போய்ச் சேராது. கிள்ளி எடுப்பதுதான் பாதி வைத்தியம். செடி உயரத்தில் இரண்டு, மூன்று நீல ஒட்டும் அட்டைகளைக் கட்டுங்கள். கந்தகம் அடித்த 15 நாள் கழிந்ததும், லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து வாரம் ஒரு முறை மூன்று வாரம் அடியுங்கள்.

மேலிருந்து காய்வது நுனிக்கருகல். கவாத்து வெட்டின் வழியாக நுழைந்த பூஞ்சணம். காய்ந்த இடத்தோடு நிறுத்தாமல் இரண்டு அங்குலம் கீழே, பச்சைக் கிளையில், வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்கு மேல் சாய்வாக வெட்டுங்கள். வெட்டுவாயில் நடுத்தண்டு பழுப்பாகத் தெரிந்தால் இன்னும் கீழே போக வேண்டும். வெளுத்துத் தெரியும்வரை விடக் கூடாது. காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சண மருந்தைத் தண்ணீரில் குழைத்து வெட்டுவாயில் பசையாகத் தடவுங்கள். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகுமுன் கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்யாத வேலை இது.

கடைக்காரர் கொடுத்த கந்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிசம்பர், ஜனவரிப் பனியில் ஓசூர்ப் பக்கம் சாம்பல் நோய் வரும். கரும்புள்ளிக்கு நேர்மாறு இது. இலை நனைய வேண்டியதே இல்லை, குளிர்ந்த இரவும் காற்றில் ஈரமும் போதும். இளந்தளிர் சுருண்டு, மேலே மாவு தூவினாற்போல் தெரிந்ததும் லிட்டருக்கு 2 கிராம் கந்தகம், வெயில் ஏறும் முன். வேப்பெண்ணெய் அடித்து 15 நாள் ஆகியிருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

மருந்து அடிக்கும் காலத்தில் இதழைக் குல்கந்துக்கு எடுக்காதீர்கள். அப்புறம், இலை ஓரத்தில் அரைவட்டமாக, கத்தரியால் நறுக்கினாற்போல் துண்டு போயிருந்தால் பதற வேண்டாம். கூடு கட்ட இலை எடுத்துப்போகும் தேனீ அது. அதற்கு எந்த மருந்தும் தேவையில்லை.