அரிசி கொடுத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்

கேள்வி: பாம்பனில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். போன மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்ததும், அவர் மனைவியைக் கடைக்குக் கூப்பிட்டு ஒரு சிப்பம் அரிசியும் 2,000 ரூபாயும் கொடுத்தேன். திருப்பிக் கேட்கவில்லை. படகு கடலுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. இன்னும் என் முகம் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறாள். சரக்கும் வேறு கடையில்தான் வாங்குகிறாள். 'நீ ஒரு ஏமாளி' என்கிறார் என் கணவர். இரக்கப்பட்டது தப்பா?

- பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்: தப்பே இல்லை, தங்கச்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடந்தால் கூலிக்காரர் வீடு என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசு தரும் 8,000 ரூபாய் எந்த மூலைக்கு? அந்த நேரத்தில் நீங்கள் கொடுத்தது பெரிய காரியம்.

ஆனால் 'கடைக்குக் கூப்பிட்டு' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். அப்போது கடையில் எத்தனை பேர் இருந்தார்கள்? அரிசியோடு அவர் தெருவில் நடந்தபோது எத்தனை கண்கள் பார்த்தன? அவருக்கு நன்றி இல்லாமல் இல்லை. கூச்சம், அதுதான்.

தனுஷ்கோடிப் பக்கம் ஒருநாள் காலையில் கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளாத வயதுப் பெரியவர் ஒருவர் கயிற்றின் கடைசியில் சும்மா கை வைத்திருந்தார். இழுக்கத் தெம்பில்லை. வலை கரையேறியதும் மீனைப் பிரித்த இளைஞர், மற்றவர்களுக்குப் போட்ட அதே அளவு சூடை மீனை அவருடைய ஓலைக்கொட்டானிலும் அள்ளிப் போட்டார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்குச் சீக்கிரம் வாங்கய்யா, ஆள் பத்தல" என்றார். பெரியவர் நிமிர்ந்து நடந்து போனார்.

உங்கள் மாவட்டத்துக் கீழக்கரைக்காரர்தான் 17ஆம் நூற்றாண்டு வள்ளல் சீதக்காதி. செத்த பிறகும் கை நீட்டி மோதிரம் கொடுத்தார் என்று கதை சொல்வார்கள். அதை வாங்கிய புலவர் யாரிடம் போய் நன்றி சொல்வார்? எனக்கு அந்தக் கதையில் பிடித்ததே இதுதான்.

சரி, இப்போது ஒன்று செய்யுங்கள். இந்தத் தடவை அவரைக் கூப்பிடாதீர்கள், நீங்களே அவர் வாசலுக்குப் போங்கள். அரிசிப் பேச்சும் வேண்டாம், வேறு கடைப் பேச்சும் வேண்டாம். "இன்னைக்கு என்ன மீன்? எனக்கும் ஒரு கிண்ணம் குழம்பு குடேன்" என்று கேளுங்கள். கொடுப்பார். காசு நீட்டாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, உப்பு புளி எப்படி இருந்தது என்று நின்று சொல்லிவிட்டு வாருங்கள்.