வாசகர் கேள்வி - பதில்: வீட்டில் போன் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது?

மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறான். வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அதையும் அவன் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். "இப்போ யார்கிட்டதான் போன் இல்ல?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?
- வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

இல்லைங்க. வீட்டில் போன் இருப்பது வேறு, படிக்கிற பிள்ளை கையில் இருப்பது வேறு. கம்ப்யூட்டர் கதை இன்னும் மோசம். 2017-18இல் மத்திய அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில், நாடு முழுக்க நகரத்து வீடுகளில் 23.4 சதவீதத்தில் கம்ப்யூட்டர் இருந்தது, கிராமத்தில் வெறும் 4.4. கொரோனா வந்து 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது நாம் இந்த லட்சணத்தில்தான் ஆன்லைன் வகுப்புக்குள் இறங்கினோம்.

உங்கள் மகனுக்கு இது உறைக்கப்போவது ரிசல்ட் வந்த பிறகு. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைனில்தான் நடக்கிறது. வசதியான வீட்டில் அப்பாவும் பிள்ளையும் ராத்திரி உட்கார்ந்து, பழைய கட்-ஆஃப்களைப் பார்த்து, எந்தக் கல்லூரி முதலில், எது அடுத்து என்று கொடுக்க வேண்டிய விருப்ப வரிசையை நாலு தரம் மாற்றுவார்கள். மற்ற பிள்ளைகள் நெட் சென்டரில் கூட்டத்துக்கு நடுவே நின்று, கடைக்காரர் "அடுத்து எது போடணும், சீக்கிரம் சொல்லுப்பா" என்று கேட்கக் கேட்கச் சொல்ல வேண்டும், ஓடிபி வேறு வேலையில் இருக்கும் அப்பா போனுக்குப் போயிருக்கும். வரிசை மாறினால் கிடைக்கிற கல்லூரியே மாறும், அதே மார்க்தான்.

இப்போதே அவன் பெயரில் ஒரு ஈமெயில் தொடங்கி, பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள். கடைக்காரர் ஈமெயிலைக் கொடுத்துவிட்டு அப்புறம் அவர் பின்னால் அலைய வேண்டாம். கலந்தாய்வுக்கென்று மாவட்டந்தோறும் உதவி மையங்கள் உண்டு, விண்ணப்பமும் கல்லூரி வரிசையும் அங்கேயே பதிவு செய்யலாம், அந்த உதவிக்குக் காசு கிடையாது. பள்ளியில் ஹைடெக் லேப் என்கிற கம்ப்யூட்டர் அறை இருந்தால், மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வைக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு பெற்றோராகப் போங்கள்.

அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் படம் பார்த்தார்கள், சிலர் விற்றே விட்டார்கள். வீண் செலவுதானே?
- வாசகர், ஈரோடு

படம் பார்த்தார்கள், சரி. காசு கொடுத்து வாங்கிய வீட்டுப் பையனும் அதில் படம்தான் பார்க்கிறான், அவனை யாரும் கணக்குக் கேட்பதில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டரே அந்த முதல்வர் படம் போட்ட லேப்டாப்தான். என் குறை வேறு. பள்ளிப் படிப்பு முடிகிற நேரத்தில் கொடுத்தார்கள், சில வருடம் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போன பிறகும் வந்து சேராமல், முன்னாள் மாணவர்கள் போராட்டம் நடத்திக் கேட்க வேண்டியிருந்தது. ஒன்பதாம் வகுப்பிலேயே கொடுத்திருக்கலாம்.