மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைப் பற்றியவை. எல்லாம் இங்கிலாந்தில் குழந்தைகள் சேவையில் வேலை பார்க்கிறவர்கள் எழுதியவை. நானும் அந்த வேலையில் பல வருடம் இருந்தவள்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஒன்பது வருடம் சோஷியல் ஒர்க்கராக இருந்துவிட்டு, நான்கு மாதமாக ஒரு பல துறைக் குழுவுக்கு மேனேஜராக இருக்கிறேன். கவுன்சில் (உள்ளாட்சி) ஆட்களோடு ஒரு ஹெல்த் விசிட்டர் (சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குப் போகும் நர்ஸ்), ஒரு போலீஸ்காரர், பள்ளி வருகையைக் கவனிக்கும் ஒருவர் என்று வெளி ஆட்களும் உண்டு. எதைச் சொன்னாலும் "எங்கள் மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்கிறார்கள். நான் மேலதிகாரியே இல்லாத ஆட்களுக்கு எப்படித் தலைமை தாங்குவது?

அவர்கள் உங்களை மதிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர்கள் சொல்வது உண்மைதான். அந்த ஹெல்த் விசிட்டர் பதிவு பெற்ற நர்ஸ் அல்லது மருத்துவச்சி. அவருடைய தொழில் முடிவுக்கு அவர்தான் தன் பதிவுக் கவுன்சிலுக்குப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் பதிவு செய்திருப்பது சோஷியல் ஒர்க் இங்கிலாந்து என்ற வேறொரு அமைப்பில், போலீஸ்காரருக்கோ அவருக்கென்று ஒரு சார்ஜென்ட். இத்தனை பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டு "இனி நீங்கள் ஒரே குழு" என்று மேலே யாரோ அறிவித்துவிட்டார்கள், மிச்சத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதல் வேலையாக அந்த மூவரின் மேனேஜர்களையும் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். லீவு யார் கொடுப்பது, வருடாந்தர மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுவது யார், தொழில்முறை சூப்பர்விஷன், அதாவது கேஸ்களைப் பற்றி மூத்தவரோடு தவறாமல் உட்கார்ந்து பேசுவது, யார் பொறுப்பு, ஒரு கேஸில் எது வரை அந்த ஆள் தானே முடிவெடுக்கலாம் என்று ஒரே பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் நான் பார்த்த சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு பக்கம் இல்லாததால் வந்தவை.

அப்புறம், அவர்களுடைய வேலையைக் கண்ணால் பாருங்கள். நான் புதிதாக மேனேஜரானபோது எங்கள் குழுவின் போலீஸ்காரரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமே இல்லை. வீட்டில் நடப்பதை எல்லாம் மூன்று பக்கத்துக்கு உருகி உருகி எழுதி அனுப்புவேன், அவரிடமிருந்து "மேல்நடவடிக்கை இல்லை" என்று ஒரு வரி வரும். ஒருநாள் சாயங்கால ஷிஃப்ட் முழுக்க அவரோடு வண்டியில் போனேன். அவருக்குத் தேவைப்பட்டது எந்த நாள், எந்த நேரம், யார் பார்த்தார்கள், பிள்ளை சொன்ன வார்த்தை அப்படியே என்ன என்பது. என் மூன்று பக்கத்தில் அது எங்கோ இரண்டாம் பக்கத்தின் அடியில் புதைந்து கிடந்தது. அடுத்த வாரத்திலிருந்து அதை முதல் நான்கு வரியில் போட ஆரம்பித்தேன், பதிலின் நீளமும் மாறியது.

"ஆபத்து" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு உங்கள் அறையில் நான்கு பேர் நான்கு விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்பது என் கணிப்பு. போலீஸுக்கு அது குற்றம், ஹெல்த் விசிட்டருக்கு ஏறாத எடையும் தவறிப்போன தடுப்பூசியும், பள்ளிக்காரருக்கு வெள்ளிக்கிழமை தோறும் காலியாக இருக்கும் நாற்காலி, உங்களுக்கு அந்தத் தாயின் முகம். மாதம் ஒருமுறை ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தான் என்ன பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லட்டும், அன்றைக்கு முடிவு எதுவும் எடுக்காதீர்கள். அந்த ஒரு மணி நேரம் உங்கள் வாய் மூடியிருக்க வேண்டும். நல்ல சோஷியல் ஒர்க்கராக இருந்து மேனேஜரானவர்களுக்கு இதைவிடக் கஷ்டம் கிடையாது.

கேள்வி: மருத்துவமனை நர்ஸிடம் ஒரு பிள்ளையைப் பற்றித் தகவல் கேட்டால் "பெற்றோர் சம்மதம் இல்லை, தரவுப் பாதுகாப்புச் சட்டம்" என்று மறுக்கிறார். என் டீம் என்னைத்தான் பார்க்கிறது. நான் என்ன செய்ய?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளையைப் பாதுகாக்கத் தேவையான தகவலைப் பகிர 2018ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடையாக இல்லை, அதற்குச் சம்மதம் கட்டாயமும் இல்லை என்பதை அரசின் வழிகாட்டுதலே தெளிவாகச் சொல்கிறது. தேவையான அளவு மட்டும் பகிர வேண்டும், ஏன் பகிர்ந்தோம் என்று எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒன்று. குடும்பம் தானாக முன்வந்து ஏற்கிற ஆரம்ப நிலை உதவியில் அவர்களுடைய ஒப்புதல் வேண்டும், கடும் தீங்கு நேரும் என்று சந்தேகம் வந்து 1989 குழந்தைகள் சட்டத்தின் 47ஆம் பிரிவில் விசாரணை நடக்கும்போது அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் கேஸ் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது என்று நினைக்கிறேன், நர்ஸ் பயப்படுவதும் அதனால்தான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், துறைகள் சேர்ந்து வேலை செய்யும் இந்த ஏற்பாடெல்லாம் வந்த கதையே அதுதான். எட்டு வயது விக்டோரியா கிளிம்பியே 2000 பிப்ரவரியில் லண்டனில் செத்துப்போனாள். அவளை வளர்ப்பதாக அழைத்து வந்த, அவள் அப்பாவுக்கு அத்தை முறையான பெண்ணும் அந்த அம்மாளோடு வாழ்ந்தவரும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. நான்கு சமூக சேவைத் துறைகள், இரண்டு போலீஸ் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகள், இரண்டு மருத்துவமனைகள், ஒரு தொண்டு நிறுவனத்தின் மையம் என்று அத்தனை இடத்திலும் அவள் பெயர் இருந்தது. காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் இருந்தன என்று 2003 ஜனவரியில், அந்தச் சாவை விசாரித்த லார்ட் லேமிங்கின் அறிக்கை கணக்கிட்டது, 108 பரிந்துரைகளும் தந்தது. அதற்குப் பிறகுதான் துறைகள் ஒத்துழைப்பதைக் கடமையாக்கிய 2004 சட்டம் வந்தது. எல்லாப் பிள்ளைகளின் விவரத்தையும் ஒரே கணினித் தொகுப்பில் வைக்கும் கான்டாக்ட்பாயின்ட்டும் அப்போது பிறந்ததுதான், அதை 2010 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். சட்டம் நிற்கிறது. ஆனாலும் ஃபோனை எடுத்து இன்னொரு துறையில் இருக்கும் ஆளிடம் பேச வேண்டியது இன்றைக்கும் நீங்கள்தான்.

அதனால் அந்த நர்ஸோடு சண்டை வேண்டாம். அந்த மருத்துவமனையில் குழந்தைப் பாதுகாப்புக்கென்று பொறுப்பான நர்ஸ் ஒருவர் இருப்பார். பிரச்சினை எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில் அவரைப் போய்ப் பார்த்து, எந்த மாதிரி கேஸில் எதைப் பகிர்வது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் நகரவில்லையா? கருத்து வேறுபாட்டை மேலே கொண்டுபோகும் நடைமுறை உங்கள் பகுதியில் எழுத்தில் இருக்கும், எடுத்துப் பயன்படுத்துங்கள். அது புகார் ஆகாது, உங்கள் டீமும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

கேள்வி: நான் இந்த மாதிரிக் குழு மேனேஜர்களுக்கு மேலே இருப்பவன். ஐந்து மேனேஜர்களை மூன்று நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பினேன். கையில் ஃபைலோடு திரும்பி வந்தார்கள், ஒன்றும் மாறவில்லை. பணம் வீணா?

கொஞ்சம் வீண்தான் சார். ஐந்து பேரும் உங்கள் கவுன்சிலைச் சேர்ந்தவர்கள்தானே? மற்ற துறைக்காரர்களோடு வேலை செய்யப் பழக வேண்டியவர்களை அவர்களே இல்லாத அறையில் உட்கார வைத்தால் நீச்சலைக் கரையில் நின்று கற்றுக்கொடுத்த மாதிரிதான். இப்போது பிள்ளைப் பாதுகாப்புக்கு கவுன்சில், போலீஸ், சுகாதார வாரியம் மூன்றும் சமப் பொறுப்பு என்று 2017 சட்டம் வைத்திருக்கிறது. அப்படியானால் பயிற்சிக்கும் மூன்றுபேரும் பணம் போடட்டும், மூன்றுபேரின் ஆட்களும் வரட்டும்.

ஆறு ஏழு பேர் கொண்ட கலவையான வட்டம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை அரை நாள், ஒரு வருடம். ஒவ்வொரு முறையும் ஒருவர் தன் மேசையில் உண்மையாகவே சிக்கி நிற்கும் ஒரு விஷயத்தைக் கொண்டுவர வேண்டும், மற்றவர்கள் அறிவுரை சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்க வேண்டும். முதல் இரண்டு முறை எல்லோரும் நல்ல பிள்ளையாகப் பேசுவார்கள், மூன்றாவதில் யாராவது ஒருவர் "எனக்கு அந்தக் கூட்டத்துக்குப் போகவே பயமாக இருக்கிறது" என்பார். அதன் பிறகுதான் சொந்த வேலையைப் பற்றி வாய் திறப்பார்கள். இதோடு இரண்டு நாள் இன்னொரு துறையில் போய் உட்கார்ந்து பார்ப்பது.

ஒரு விஷயம், கேட்டால் கோபம் வரலாம். அந்த ஐந்து பேரின் சூப்பர்விஷனில் நீங்கள் எதைக் கேட்கிறீர்கள்? எத்தனை கேஸ், எத்தனை நாள் தாமதம், கணக்குத் தாளில் எந்தக் கட்டம் சிவப்பு என்று மட்டும் கேட்டால் அவர்களும் கீழே போய் அதையே கேட்பார்கள். பிள்ளைப் பாதுகாப்பைப் பற்றிப் பேராசிரியர் எய்லீன் மன்ரோ 2011இல் அரசுக்குத் தந்த அறிக்கையின் கவலையே அதுதான், நடைமுறையைப் பின்பற்றினோமா என்று பார்த்துப் பார்த்தே பிள்ளைக்கு நன்மை நடந்ததா என்று பார்க்க மறந்துவிட்டோம் என்பது. மாதம் ஒரு சூப்பர்விஷனில் எண்ணே பேசாமல் இருந்து பாருங்கள். பக்கத்துத் துறையோடு இந்த மாதம் எங்கே இடித்தது, நீங்கள் எந்தக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். கேட்டபின் திறந்தும் விட வேண்டும்.

கேள்வி: எனக்கு மேனேஜராக விருப்பமே இல்லை, பிள்ளைகளோடு வேலை செய்யத்தான் பிடிக்கும். சம்பளம் ஏற வேறு வழி உண்டா?

உண்டு. பல கவுன்சில்களில் அட்வான்ஸ்டு பிராக்டிஷனர் என்று ஒரு பதவி இருக்கிறது, சில கேஸ்களைக் கையில் வைத்துக்கொண்டு புதியவர்களுக்கு வழிகாட்டும் வேலை, கேட்டுப் பாருங்கள். ஆனால் விண்ணப்பிப்பதற்கு முன்னால் அதில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரிடம் வாரத்தில் எத்தனை நாள் உண்மையில் வீடுகளுக்குப் போகிறார் என்று விசாரியுங்கள். சில இடங்களில் அது பெயருக்குத்தான், மேனேஜர் லீவில் போனால் முழு வேலையும் உங்கள் மேசைக்கு வந்துவிடும்.