சீஸ் உருகிவிட்டது, கிழங்கு வேகவில்லையே!

உருளைக்கிழங்கு சீஸ் பேக் எப்படிச் செய்வது என்று போன இதழில் ஒரு வாசகி கேட்டிருந்தார், நானும் நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். செய்து பார்த்தவர்களிடமிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. படித்தபோதுதான் அந்த நாலு வரி போதவில்லை என்று புரிந்தது. அதனால் இந்த இதழில் முழுப் பகுதியும் இதற்கே.

கேள்வி: அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே கிழங்கை வட்டமாக நறுக்கி அடுக்கி, பால் ஊற்றி, சீஸ் தூவி 40 நிமிடம் ஓவனில் வைத்தேன். மேலே கருக ஆரம்பித்துவிட்டது, உள்ளே கிழங்கு நறுக் நறுக்கென்று இருந்தது. மாமனார் ஒன்றும் சொல்லாமல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டார். மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. எங்கே தப்பு?

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை. பச்சைக் கிழங்கை அப்படியே ஓவனில் வைக்கக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே புகார்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உருளைக்கிழங்கில் உள்ள மாவுச்சத்து 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே ஊறி உப்ப ஆரம்பித்துவிடும். ஆனால் கிழங்கின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பசை இளகுவதற்கு 85, 90 டிகிரியாவது வேண்டும். குளிர்ந்த பாலில் மூழ்கிக் கிடக்கும் அடுக்கின் நடுப்பகுதிக்கு அந்தச் சூடு போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகும், மேலே இருக்கும் சீஸோ அரை மணி நேரத்திலேயே சிவந்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் தயாராக வேண்டும் என்றால் கிழங்கை முதலில் அடுப்பில் பாதிக்கு மேல் வேக வைத்துவிட வேண்டும், வேறு வழியே இல்லை.

நான் செய்வது இப்படி. 1 கிலோ கிழங்கைத் தோல் சீவி 3 மில்லிமீட்டர் கனத்தில், அதாவது இரண்டு நாணயங்களை அடுக்கி வைத்த அளவுக்கு, வட்டமாக நறுக்கிக்கொள்ளுங்கள். எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருப்பது முக்கியம், கை பழகாதவர்கள் சீவும் கட்டையில் சீவிக்கொள்ளலாம். நறுக்கியதைத் தண்ணீரில் அலசாதீர்கள், ஏனென்றால் துண்டின் மேல் பிசுபிசுவென்று இருக்கும் அந்த மாவுதான் பாலைக் கெட்டியாக்கப்போகிறது. அடிகனமான பாத்திரத்தில் 400 மில்லி கொழுப்பு எடுக்காத பால், 200 மில்லி கிரீம், நசுக்கிய பூண்டு இரண்டு பல், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, மிளகுத்தூள், பிடித்தால் ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள் சேர்த்துச் சூடாக்கி, கிழங்கைப் போட்டு மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம், அடி பிடிக்காமல் மெதுவாகப் புரட்டிக்கொண்டே இருங்கள். உப்பை இந்தக் கட்டத்திலேயே போட்டுவிட வேண்டும், அப்போதுதான் கிழங்குக்குள் இறங்கும், கடைசியில் மேலே தூவும் உப்பு மேலேயே நின்றுவிடும்.

பதம் எப்படித் தெரியும்? ஒரு துண்டைக் கரண்டியால் தூக்கினால் உடையாமல் வளைய வேண்டும். பால் கரண்டியின் முதுகில் மெல்லிய மேலாடை மாதிரி படிந்து நிற்க வேண்டும், விரலால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் இருக்க வேண்டும். அப்புறம் வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, ஃபாயிலால் மூடி 180 டிகிரியில் 25 நிமிடம். கத்தி முனையை நடுவில் குத்தித் தூக்கிப் பாருங்கள், கிழங்கு கத்தியோடு சேர்ந்து வந்தால் இன்னும் வேக வேண்டும், வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தால் வெந்துவிட்டது. சீஸ் அதற்குப் பிறகுதான்! 200 கிராம் துருவிய சீஸைத் தூவி, மூடாமல், 200 டிகிரியில் 15 நிமிடம். அடுத்த முறை மாமனாருக்கு இப்படிச் செய்து வையுங்கள், இன்னொரு கரண்டி வைக்கச் சொல்வார்.

கேள்வி: ஓவனில் பால் திரிந்து, அடியில் தண்ணீரும் மேலே குருணை குருணையாகவும் நிற்கிறது. கொழுப்பு குறைவாக இருக்கட்டும் என்று கொழுப்பு நீக்கிய பால்தான் பயன்படுத்துகிறேன். கொஞ்சம் புளிப்புக்குத் தக்காளியும் ஒரு அடுக்கு வைத்தேன்.

பதில்: இரண்டும் சேர்ந்துதான் இப்படி ஆகியிருக்கிறது. நீண்ட நேரச் சூட்டிலும் புளிப்பிலும் பாலில் உள்ள புரதம் ஒன்றுகூடித் திரண்டுவிடும். கொழுப்பு அதிகம் இருக்கும் கிரீம் அவ்வளவு சீக்கிரம் திரியாது, கொழுப்பு நீக்கிய பாலுக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. தக்காளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. புளிப்பு பட்டால் அந்தப் பெக்டின் பசை இறுகிக்கொள்ளும், கிழங்கு எவ்வளவு நேரம் வைத்தாலும் விறைப்பாகவே இருக்கும். தக்காளி வேண்டும் என்றால் பக்கத்தில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், இதற்குள் வேண்டாம்.

கிரீம் வேண்டாம் என்பவர்கள் வொயிட் சாஸ் செய்துகொள்ளலாம், அதில் உள்ள மாவு புரதத்தைத் திரள விடாது. 30 கிராம் வெண்ணெயில் 30 கிராம் மைதாவைப் போட்டுச் சிறு தீயில் இரண்டு நிமிடம் பச்சை வாசனை போக வறுத்து, 500 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே வாருங்கள். முதல் அரை கப் பாலில்தான் கட்டி தட்டும், அதைக் கரைத்துவிட்டால் மீதியைத் தைரியமாக ஊற்றலாம். இந்த முறையில் செய்தால் கிழங்கைத் தனியாக உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் வேக வைத்து, நன்றாக வடித்து, ஆவி போக விட்டு அடுக்குங்கள். ஈரத்தோடு அடுக்கினால் சாஸ் நீர்த்துப் போகும்.

கேள்வி: எந்த சீஸ் நல்லது? ஒரு முறை எண்ணெயாக மிதந்தது, இன்னொரு முறை ரப்பர் மாதிரி இழுத்தது.

பதில்: எண்ணெயாக மிதந்தது அநேகமாக நன்றாகப் பழுத்த செடராக இருக்கும். வயதான சீஸில் புரத வலை உடைந்து போயிருக்கும், சூடு கூடியதும் கொழுப்பைப் பிடித்து வைக்க முடியாது. சுவை அதில்தான் அதிகம், ஆனால் தனியாகப் போட்டால் இப்படித்தான். மொஸரெல்லா நேர் எதிர், நூல் நூலாக அழகாக இழுக்கும், ருசி மட்டும் குறைவு, ஆறியதும் ரப்பராகிவிடும். அதனால் நான் பாதிக்குப் பாதி கலக்கிறேன், 100 கிராம் மொஸரெல்லா, 100 கிராம் அதிகம் பழுக்காத செடர். மேலே மொறுமொறுப்பு வேண்டுமானால் ஒரு கைப்பிடி பார்மெசான், கூடவே வெண்ணெயில் புரட்டிய பிரெட் தூள்.

துருவியே பாக்கெட்டில் வருவதை வாங்குகிறீர்கள் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன் மேல் மாவோ செல்லுலோஸ் என்ற தாவர நார்த் தூளோ தூவியிருப்பார்கள், அதனால் ஒன்று கூடி உருகாமல் திட்டுத்திட்டாக நிற்கும். கட்டியாக வாங்கி வீட்டிலேயே துருவினால் அந்தத் தொல்லை இல்லை, ஐந்து நிமிட வேலைதான். ப்ராசஸ்டு சீஸும் போடலாம், தாழ்ச்சியில்லை. அதில் சேர்க்கும் உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரிய விடாது என்பதால் வழுவழுவென்று உருகும். ஆனால் அது ஏற்கெனவே உப்பாக இருக்கும், பாலில் போடும் உப்பில் கால் பங்கைக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு தடவை கிழங்கு கரைந்து கூழாகிவிட்டது, இன்னொரு தடவை கெட்டியாகவே நின்றது. செய்முறை ஒன்றுதான்.

பதில்: கிழங்கு வேறு வேறு. மாவுக் கிழங்கு சீக்கிரம் உதிர்ந்து சாஸைக் கெட்டியாக்கும், மெழுகுத்தன்மை உள்ள கிழங்கு வடிவம் குலையாமல் நிற்கும். இதற்கு இரண்டுக்கும் நடுவில் இருப்பதே சரி, கிடைக்காவிட்டால் இரண்டையும் கலந்து போடுங்கள். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 11 கப் தண்ணீரில் 1 கப் உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போட்டால் மாவுக் கிழங்கு மூழ்கும், மற்றது மிதக்கும். உப்பு வீணாகுமே என்றால் அதே கிழங்கில் ஒன்றை வேக வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பச்சை நிறம் ஏறிய கிழங்கையும், முளைத்துச் சுருங்கியதையும் தயவுசெய்து போட வேண்டாம். அதில் சோலனைன் என்ற நச்சுப் பொருள் கூடியிருக்கும், வேக வைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், போகாது. வேக வைக்காத கிழங்கை ஃப்ரிட்ஜில் வைப்பதும் சரியில்லை, குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிக் கிழங்கு தித்திக்கும், சீக்கிரம் கருகும். இருட்டான, காற்றோட்டமான இடமே போதும்.

கேள்வி: இதன் அசல் செய்முறையில் சீஸே கிடையாது என்று என் மகன் சாதிக்கிறான். உண்மையா?

பதில்: மகன் சொல்வது பாதி சரி. பிரான்ஸின் தோஃபினே பகுதியில் செய்யும் கிராத்தான் தோஃபினுவாவில் கிழங்கு, பால் அல்லது கிரீம், பூண்டு மட்டும்தான் என்று பழைய முறைக்காரர்கள் சொல்வார்கள். 1788 ஜூலை 12 அன்று காப் என்ற ஊரில் ஒரு பிரபு நகர அதிகாரிகளுக்குக் கொடுத்த விருந்தில் இது பரிமாறப்பட்டதாகக் குறிப்பு இருக்கிறது. ஆனால் சீஸ் போட்டுச் செய்யும் வகைகளும் அங்கேயே உண்டு. நாம் செய்வது ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட, அதற்கு சீஸ் இருந்தால் இன்னும் இதம். போடுங்கள்.

கேள்வி: வீட்டில் ஒருவருக்குப் பால் சேராது. அவருக்காக மொத்தத்தையும் கைவிட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். பாலுக்குப் பதில் காய்கறி சூப்பு நீரில் செய்யும் வகை ஒன்று பிரெஞ்சு சமையலிலேயே இருக்கிறது. நிறைய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கிக் கிழங்கோடு மாற்றி மாற்றி அடுக்கி, சூப்பு நீர் ஊற்றி வேக வைப்பார்கள். வீட்டில் ஓவன் இல்லாத காலத்தில் ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில் கொடுத்து வாங்குவதால் அதன் பெயரே ரொட்டிக் கடைக்காரியின் கிழங்கு என்று ஆயிற்று. அவருக்கு ஒரு சிறிய கிண்ணத்தில் இதைத் தனியாக, அதே ஓவனில், அதே நேரத்தில் வைத்துவிடலாம். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை மட்டும்தான் பிரச்சினை என்றால் நன்றாகப் பழுத்த சீஸில் அது மிகக் குறைவு, பலருக்கு ஒத்துக்கொள்ளும். பால் அலர்ஜி என்றால் அது வேறு கதை, ஒரு துளிகூடக் கூடாது, கரண்டியைக்கூடத் தனியாக வையுங்கள்.

கேள்வி: என்னிடம் ஓவன் இல்லை.

பதில்: அடிகனமான அகல வாணலியில், முதல் பதிலில் சொன்ன கிழங்கையும் பாலையும் அப்படியே வைத்து, மிகச் சிறு தீயில் மூடி 20 நிமிடம் வைத்துக் கடைசியில் சீஸைத் தூவி மறுபடி மூடுங்கள். சீஸ் உருகும், சிவக்காது. மைக்ரோவேவிலும் அதேதான், வேகும், நிறம் வராது. பிரெட் தூளைத் தனியாக வெண்ணெயில் சிவக்க வறுத்து மேலே தூவினால் அந்தக் குறை பாதி தீரும்.

கேள்வி: வேலைக்குப் போகிறவள் நான். முந்தின நாளே செய்து வைக்கலாமா? மீந்ததை என்ன செய்வது?

பதில்: தாராளமாக. ஃபாயில் மூடி வேக வைக்கும் கட்டம் வரை முடித்து, ஆற வைத்து, ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் ஃபாயிலோடு 180 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, பிறகு சீஸ். பச்சைக் கிழங்கை நறுக்கி மட்டும் வைத்தால் கறுத்துவிடும், அதைச் செய்யாதீர்கள். கண்ணாடிப் பாத்திரமாக இருந்தால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூடான ஓவனில் வைக்க வேண்டாம், வெடித்துவிடும்.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் மூன்று நாள் தாங்கும். சாப்பிடும்போது நடுவரை ஆவி பறக்கச் சூடாக்குங்கள், வெப்பமானி வைத்திருந்தால் 74 டிகிரி. ஃப்ரீசர் வேண்டாம், கிழங்கு நீர் விட்டு மணல் மணலாகிவிடும்.

கேள்வி: எல்லாம் சரியாக வருகிறது அக்கா, ஆனால் தட்டில் வைத்ததும் சாஸ் ஓடி விடுகிறது. குழந்தைகள் பசியோடு காத்திருக்கிறார்கள், என்னால் தாமதிக்க முடிவதில்லை.

பதில்: 15 நிமிடம் மட்டும் பொறுங்கள். ஓவனிலிருந்து எடுக்கும்போது ஓரங்களில் கொப்புளம் கொப்புளமாகக் கொதித்துக்கொண்டிருக்கும், அந்தச் சூட்டில் மாவு இளகிய நிலையிலேயே இருக்கும், ஆற ஆறத்தான் இறுகும். கொதிப்பு அடங்கி, மேல் சீஸ் லேசாகச் சுருங்கி, பாத்திரத்தை ஆட்டினால் அலை அடிக்காமல் மொத்தமாக அசைந்தால் கரண்டி போடலாம். ஓடும் சீஸ் பிஞ்சு நாக்கைச் சுட்டுவிடும், அதற்காகவும்தான் சொல்கிறேன்.

காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளைத் தட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கடைசியில் பாத்திரத்தின் ஓரத்தில் சிவந்து ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த மொறுமொறுப்பை மரக்கரண்டியால் சுரண்டி எடுத்துக் கொடுங்கள். கிராத்தான் என்ற சொல்லே சுரண்டுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். எங்கள் வீட்டில் அந்த நாலு மூலைக்கும் எப்போதும் போட்டி, அதனால் ஒவ்வொரு முறையும் யாருக்கு எந்த மூலை என்று முறை வைத்திருக்கிறோம்.