தோட்டத்தில் ஓய்வு பெற்றவரின் ஈமச்செலவுக்கு அரசு உதவி கிடைக்குமா?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் பால் மரம் (ரப்பர்) சீவி ஓய்வு பெற்ற 76 வயது அப்பா காலமாகிவிட்டார், ஈமச்செலவுக்கு அரசு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆழ்ந்த அனுதாபங்கள். உதவி உண்டு, ஆனால் எல்லோருக்கும் அல்ல.

முதலில் சொக்சோவைப் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாருங்கள். இந்த வயதில் சொக்சோ ஏது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மிகுந்த வருத்தம். வேலையில் அடிபட்டு நிரந்தர ஊனத்துக்கான மாதத் தொகையையோ, இயலாமை ஓய்வூதியத்தையோ அப்பா கடைசிவரை பெற்றுவந்திருந்தால், ஈமச்சடங்கு உதவித்தொகைக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். அவருடைய வங்கிப் புத்தகத்தைப் புரட்டினாலே தெரிந்துவிடும். சவப்பெட்டி, வண்டி, மின்சுடலை என எதற்குப் பணம் கட்டினாலும் செலவழித்தவர் பெயரிலேயே ரசீது கேட்டு வாங்குங்கள். துக்க வீட்டில் ரசீது கேட்பதா என்று கூச்சப்பட வேண்டாம்.

ஊழியர் சேமநிதி வாரியத்தின் 2,500 வெள்ளி (ரிங்கிட்) மரண உதவி, 60 வயதை எட்டுமுன் இறந்த உறுப்பினர்களின் குடும்பத்துக்கானது. அதற்காக அலையாதீர்கள். கணக்கில் மிச்சம் இருந்தால் அவர் பெயர் குறித்துவைத்தவர் அதைப் பெறலாம்.

சிலாங்கூர் மாநில அரசின் மூத்த குடிமக்கள் திட்டத்தில் மரண உதவியும் உண்டு. உயிரோடு இருக்கும்போதே பதிந்திருக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் விசாரியுங்கள். அம்மா இருந்தால் அவருடைய பதிவையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

எந்த விண்ணப்பத்துக்கும் மரணச் சான்றிதழ் தேவை. வீட்டில் உயிர் பிரிந்திருந்தால் மருத்துவரிடம் மரணத்தை உறுதிப்படுத்திக்கொண்டு, தாமதிக்காமல் மரணத்தைப் பதிந்துவிடுங்கள்.