ஒரே கல்லுக்கு எத்தனை பெயர்?

கேள்வி: அமெரிக்காவில் சின்சினாட்டியில் இருக்கும் என் மகள் லீவுக்கு வந்தபோது, சிப்பி சிப்பியாகப் பதிந்த சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்று கொண்டு வந்தாள். ஆர்டோவிசியன் என்ற பழங்காலத்துக் கல்லாம். அவளிடம் உள்ள பழைய புத்தகம் அந்த அடுக்கை 'ஈடன்' என்கிறது, புது வரைபடத்தில் 'கோப்' என்று இருக்கிறது. எது சரி? நம்ம மதுரைப் பக்கம் இப்படிக் கல் கிடைக்குமா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: இரண்டுமே சரிதான் அம்மா. ஒரே மனைக்குப் பத்திரத்தில் சர்வே நம்பரும் தெருவில் கதவு எண்ணும் இருக்கிற மாதிரிதான் இதுவும்.

அந்த ஊர்ப் பாறைகளை முதலில் நியூயார்க்கின் ஹட்சன் நதிப் பாறைகளோடு சேர்த்து அதே பெயரில் அழைத்தார்கள். அந்த நதிப் பாறைகளின் வயதில் சந்தேகம் வந்ததும், 1865இல் மீக், வொர்தன் என்ற இருவர் 'சின்சினாட்டி குழு' என்று தனிப்பெயர் வைத்தார்கள். அப்புறம் அதை ஈடன், மேஸ்வில், ரிச்மண்ட் என்று பிரித்தார்கள். இந்தப் பிரிவுகளுக்கு எல்லை போட்டது பெரும்பாலும் புதைபடிவங்களை வைத்துத்தான், அதாவது எந்த உயிரினம் எங்கே தோன்றுகிறது, எங்கே மறைகிறது என்று பார்த்து. சிப்பியை அடையாளம் தெரிந்தவருக்குச் சரி, வரைபடம் போடுகிறவர் சாலை வெட்டின சரிவில் நின்றுகொண்டு எல்லையை எங்கே கீறுவார்?

அங்கே சரிவில் கண்ணுக்குத் தெரிவது கை அகலத்துக்கு ஒரு சுண்ணாம்புக்கல் படுகை, மேலே சாம்பல் நிறக் களிப்பாறை, மறுபடி சுண்ணாம்புக்கல், இப்படியே மாறி மாறி. இதில் எது எவ்வளவு என்று பார்த்துப் பெயர் வைக்கும் முறை பிறகு வலுத்தது. அப்படி, களிப்பாறை மிகுந்த அடிப்பகுதிக்கு 1964இல் வைஸ், ஸ்வீட் என்ற ஆய்வாளர்கள் 'கோப்' என்று பெயர் வைத்தார்கள். ஈடன் இப்போது காலத்தைக் குறிக்கும் பெயராக நிற்கிறது, கோப் பாறையைக் குறிக்கிறது. இதில் மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறுகிற கூத்து வேறு: கோப்புக்கு மேலே இருக்கிற அடுக்குகள் பலவற்றை இந்தியானாவில் 'டில்ஸ்பரோ' என்று ஒரே பெயரில் அடக்கிவிட்டார்கள், கென்டக்கியில் அவற்றுக்கே தனித்தனிப் பெயர்கள்.

இன்னும் பழைய புத்தகமாக இருந்தால் 'கீழ் சைலூரியன்' என்றே போட்டிருக்கும். கேம்பிரியன், சைலூரியன் என்பவை அடுத்தடுத்த பழங்காலங்களின் பெயர்கள். பிரிட்டனின் வேல்ஸில் ஒரே பாறைகளை செட்ஜ்விக் என்ற புவியியலாளர் கேம்பிரியன் என்றார், மர்ச்சிசன் என்ற இன்னொருவர் சைலூரியன் என்றார், நண்பர்களாக இருந்தவர்கள் கடைசியில் பகையாளிகளே ஆகிவிட்டார்கள். 1879இல் லாப்வொர்த் என்ற புவியியலாளர் அந்தத் தகராறுப் பகுதியைப் பிரித்தெடுத்து ஆர்டோவிசியன் ஆக்கினார். உலக அளவில் ஒப்புக்கொள்ள 1960 ஆனது!

மதுரைப் பக்கம் கிடைக்காது. யானைமலை மாதிரியான நம்ம பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமிக்கடியில் வெந்து உருமாறியவை, உங்கள் கல்லுக்கு வயது 45 கோடிதான். பந்தல்குடியில் வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லும் அப்படி உருமாறிப் படிகமானதுதான், அதில் சிப்பி தேட வேண்டாம். சிப்பிக்கல் பார்க்க ஆசை என்றால் அரியலூர் பக்கம் கல்லங்குறிச்சி இருக்கிறது, ஆனால் அது சுமார் 7 கோடி ஆண்டுப் பழசு, கிரிட்டேசியஸ் காலம்.

மகளிடம் ஒன்று கேட்டு வையுங்கள்: எந்த ஊர், எந்தச் சாலைச் சரிவு, கீழிருந்து எவ்வளவு உயரம். கல்லோடு ஒரு சீட்டில் அதை முதலில் எழுதிவிட்டு, கீழே 'கோப், ஈடன் காலம்' என்று போடுங்கள். பெயர் நாளைக்கு மாறினாலும் எடுத்த இடம் மாறாது, அதை வைத்துப் புதுப் பெயரைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.